தென்முனைப் பயணமும் ஆற்றுணாவும்

வழிநடைப்போர் தம்முடன் கொண்டு செல்லும் உணவினை ஆற்றுணா என வழங்கினர் பழந்தமிழர். ஆறு என்பது வழி; வழிக்கென அமைந்த உணவு ஆற்றுணா. கட்டுச்சோறு, கட்டமுது, பொதிசோறு என்பனவெல்லாம் அதற்கு வழங்கும் பிற பெயர்கள். ஊர்கள் நெருங்கியிருந்த நாட்டிலே ஒருநாட் சோற்றினைக் கட்டிக்கொண்டு புறப்பட்டவன் மறுநாள் ஒரு மடத்தையோ சத்திரத்தையோ அடைந்துவிடுவான். வட இலங்கையிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்களும் வழியூர் மக்கள் இடும் அன்னத்தை நம்பியே நடப்பர். ஊரற்ற காட்டினைக் கடக்கும் சில நாட்களுக்கு மாத்திரம் அரிசியும் பருப்பும் சுமந்து செல்வர். ஆயின், வழி முழுவதிலும் ஓர் ஊரேனும் இல்லையெனின் நடப்போன் செய்யத்தக்கது யாது? மரமில்லை, புல்லில்லை, உண்ணத்தக்க உயிரொன்றுமில்லை. பருகும் நீரையும் பனியை உருக்கியே பெறல் வேண்டும். இத்தகைய நிலத்திலே போகவர ஏறத்தாழ 1,800 மைல் நடக்க வேண்டுமெனின், பயணத்தின் வெற்றியும் தோல்வியும் வீரத்தினால் மாத்திரம் அமைவனவல்ல. உணவை எங்கே, எவ்வளவு, எவ்வாறு வைப்பது என்னும் கணக்கினாலும் அமைவன. தென்முனையை நாடிச் சென்றோரின் வரலாறு இவ்வுண்மையைக் காட்டுவதுபோல வேறொரு வரலாறும் காட்டுமோ என்பது ஐயம்.

கணக்கினை முதலில் நோக்குதல் நன்று. கப்டன் ஸ்கொட் என்னும் ஆங்கிலேயர் பனிமேட்டு நிலத்துக்கென வகுத்த உணவு, ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 34 அவுன்ஸ், அதாவது இரண்டு இறாத்தலுக்குச் சற்று மேற்பட்டது. அதில் விசுக்கோத்து 16 அவுன்ஸ். பெமிக்கன் 12 அவுன்ஸ். எஞ்சியவை சீனி, வெண்ணெய், தேயிலை, கொக்கோ. பெமிக்கன் என்பது உலர்த்திப் பொடித்த இறைச்சியைக் கொழுப்புடன் கலந்து இறுக்கிய கட்டி. ஐந்து மாதப் பயணத்துக்கு ஒருவனுக்கு உணவு மாத்திரமே 300 இறாத்தலைத் தாண்டும். அதற்கு மேல் கூடாரம், படுக்கைப்பை, அடுப்பு, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் பாரமும் உண்டு. சறுக்குவண்டியிற் கட்டி ஒருவன் பல நாட்கள் தொடர்ந்து இழுக்கத்தக்க பாரமோ 200 இறாத்தல் அளவினதே. ஆகவே தன் உணவு முழுவதையும் தானே இழுத்துச் சென்று மீள்வது எவராலும் இயலாத காரியம். முன்னரே சென்று வழியிற் கிடங்குகள் அமைத்து வைத்தல் வேண்டும். அல்லது போகும்போது சிறிது சிறிதாக இறக்கி வைத்து, மீளும்போது அவற்றை எடுத்துண்டு வருதல் வேண்டும். பெரும்பாலும் இரண்டும் வேண்டும்.

இரண்டாவது முறையின் இடர் யாதெனின், மீள்வோன் ஒவ்வொரு கிடங்கையும் தவறாது கண்டடைய வேண்டும் என்பதே. அடையாளமெதுவுமற்ற வெண்பரப்பிலே, கண் தெரியாப் பனிப்புயலில், ஒரு கிடங்கினை அரை மைல் விலகிக் கடந்து சென்றவன் அடுத்த கிடங்கை உயிருடன் அடையான்.

1908ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியிலே ஏர்னெஸ்ட் சாக்கிள்டன் மூன்று தோழருடனும் நான்கு மட்டக்குதிரைகளுடனும் தென்முனை நோக்கிப் புறப்பட்டார். அவரிடமிருந்தது 91 நாட்களுக்குரிய உணவு. குதிரைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொன்று, இறைச்சியை வழியில் வைத்துச் செல்வதும் அவர் திட்டத்தின் ஒரு பகுதி. இறுதிக் குதிரை பனிப்பிளவொன்றில் வீழ்ந்து மறைந்தது. அதன் இறைச்சியும் அதனோடு போயிற்று. பங்குகளைக் குறைத்துக் குறைத்து நடந்து, 1909 ஜனவரி 9ஆம் நாள் தென் அகலக்கோடு 88 பாகை 23 கலையை அடைந்தனர். முனைக்கு எஞ்சியது 97 கடல் மைல். சென்றிருந்தால் முனையை அடைந்திருக்கக் கூடும், மீண்டிருக்க இயலாது. சாக்கிள்டன் திரும்பினார். மீளும் வழியிற் பட்டினியும் வயிற்றுளைவும் அவர்களை வாட்டின. தம் பங்கான ஒற்றை விசுக்கோத்தினைத் தோழர் பிராங் வைல்டுக்கு அவர் வற்புறுத்திக் கொடுத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. கணக்கினை மதித்துத் திரும்பிய அம்முடிவு, நால்வரையும் உயிருடன் வீடு சேர்த்தது. முனையைக் கண்டோரின் புகழுக்கு அது குறைந்ததன்று.

இனி, 1911ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஜனவரியிலே இரு குழுவினர் றொஸ் பனித்தட்டின் இரு முனைகளில் வந்திறங்கினர். மேற்குப் பக்கம் ஸ்கொட்டின் குழு. கிழக்கே திமிங்கில விரிகுடாவில் நோர்வே நாட்டவரான றோல்ட் அமுன்சனின் குழு. இரு தலைவரும் பனிக்காலம் வருமுன்னரே அடுத்த கோடைக்கான உணவினைத் தெற்கே கொண்டு சென்று வைக்க முற்பட்டனர்.

ஸ்கொட் தம் பெருங்கிடங்கினை 80ஆம் பாகையில் அமைக்க எண்ணியிருந்தார். மட்டக்குதிரைகள் மென்பனியிற் புதைந்தும் குளிரால் நலிந்தும் தளர்ந்தன. குதிரைகளுக்குப் பொறுப்பாயிருந்த கப்டன் ஓட்ஸ், தளர்ந்தவற்றைக் கொன்று இறைச்சியாக்கிக்கொண்டு மேலும் தெற்கே செல்லலாம் என்றார். விலங்குகளின் துன்பத்தைக் காணப் பொறாத ஸ்கொட் அதற்கு இணங்கவில்லை. பெப்ரவரி 17ஆம் நாள், 79 பாகை 29 கலையிலே, ஒரு தொன்னுக்குச் சற்றுக் குறைந்த 2,180 இறாத்தற் பாரம் இறக்கப்பட்டது. அவ்விடம் ஒருதொன் கிடங்கு எனப் பெயர் பெற்றது. அகலக்கோட்டில் ஒரு கலை ஒரு கடல் மைல் ஆதலின், குறித்த இடத்துக்கு அது 31 கடல் மைல் வடக்கே அமைந்தது. இவ்வெண்ணை நினைவில் வைத்தல் வேண்டும். இரக்கத்தினாற் காக்கப்பட்ட குதிரைகளிற் பலவும் அப்பயணம் முடியுமுன்னரே குளிராலும், கடற்பனி உடைந்தமையாலும் மாண்டன என்பது வேறு.

அமுன்சனோ நாய்களையும் பனிச்சறுக்குக் கட்டைகளையுமே நம்பினார். வட அமெரிக்காவின் வடகோடிக் கடலிலே 1903 முதல் 1906 வரை செய்த பயணத்தின்போது, அங்கு வாழும் எஸ்கிமோவர் என அக்காலத்தார் அழைத்த இனூயிற் மக்களிடம் குளிர்நில வாழ்க்கையை மாணவன்போற் கற்றவர் அவர். பெப்ரவரிக்கும் ஏப்பிரலுக்கும் இடையே அவர் குழுவினர் மும்முறை சென்று 80, 81, 82 ஆகிய பாகைகளில் ஏறத்தாழ மூன்று தொன் பாரத்தைக் கொண்டு சேர்த்தனர். சீல் என்னும் கடல்நாயின் இறைச்சியும் அதில் அடங்கும்.

எனினும், அளவினும் சிறந்தது அவர் கிடங்குகளுக்கு இட்ட அடையாளம். தெற்கு வடக்காகச் செல்வோன் வழி தவறினால் கிழக்கிலோ மேற்கிலோ தான் விலகுவான். ஆகவே 80ஆம் பாகைக் கிடங்கின் குறுக்கே, கிழக்குப் பக்கம் பத்தும் மேற்குப் பக்கம் பத்துமாக, அரைக் கடல் மைலுக்கு ஒன்று வீதம் இருபது கொடிகளை நாட்டினார். ஒவ்வொரு கொடியிலும் எண் பொறிக்கப்பட்டது. அவ்வெண்ணைக் கண்டவன் கிடங்கு எத்திசையில் எத்துணைத் தூரத்தில் உள்ளது என உடனே அறிவான். பத்துக் கடல் மைல் அகலமுள்ள ஒரு வலையை விரித்து, அதன் நடுவிலே உணவை வைத்தாற் போன்றது இது. முதற் பயணத்திலே வழிக்குறிக் கொடிகள் போதாமற் போக, உலர்ந்த கருவாட்டினைப் பனியில் நட்டு வழியைக் குறித்தனர் நோர்வேயர். கருவாடு நம் நாட்டில் எத்தனையோ வகையிற் பயன்படுவது. வழிகாட்டி மரமாக அது நின்றது தென்முனை வழியில் மாத்திரமே போலும்.

பனிக்காலத்து இருளில் இரு முகாம்களிலும் வேலை நடந்தது. அமுன்சனின் தோழரான யோகான்சன் பனிக்கடியிற் குடைந்த அறையொன்றில் அமர்ந்து உணவுப் பெட்டிகளை அடுக்கினார். விசுக்கோத்துகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். பெமிக்கன் கட்டிகளுக்கு இடையே உள்ள சந்துகளிற் பால்மாப் பைகளைச் செருகினார். பெட்டிகளின் மேல் சிறு வட்ட மூடி அமைக்கப்பட்டது. வண்டியோடு பெட்டியைக் கட்டிய கயிற்றை அவிழ்க்காமலே அன்றன்றைய பங்கினை எடுக்கலாம். விறைத்த விரல்களால் நாள்தோறும் முடிச்சவிழ்த்துக் கட்டும் துன்பத்தை அறிந்தவர்க்கே இச்சிறு மூடியின் அருமை தோன்றும். மண்ணெண்ணெய்த் தகரங்களின் வாய்களும் ஈயம் பற்றுவது போல உருக்கி அடைக்கப்பட்டன.

ஸ்கொட்டின் குழுவினரும் அசட்டையாக இருந்தாரல்லர். 1911 யூன் மாத இறுதியிலே வில்சன், பவேர்ஸ், செறி கறாட் ஆகிய மூவர் நடுப்பனிக்கால இருளில் குறோசியர் முனைக்குச் சென்றபோது, விசுக்கோத்து, பெமிக்கன், வெண்ணெய் ஆகியவற்றை வெவ்வேறு அளவில் உண்டு எது உடலுக்கு ஏற்றது எனத் தம்மையே பரிசோதித்தனர். அதன் பயனாகவே மேற்குறித்த 34 அவுன்ஸ் உணவு வகுக்கப்பட்டது. அக்கால அறிவுக்கு எட்டியவரை அது நல்ல உணவே. ஏறத்தாழ 4,500 கலோரி வெப்பம் அதனாற் கிடைக்கும். ஆயின் கடுங்குளிரில் வண்டியைத் தானே இழுத்து நடப்போனுக்கு 6,000 கலோரியும் போதாது என்பது பிற்காலத்தார் கண்ட முடிபு. அன்றியும், உயிர்ச்சத்து சி அவ்வுணவில் இல்லை. விற்றமின் என்னும் சொல்லே 1912இல் தான் தோன்றியது. அஃதின்மையால் பல்லீறு வீங்கி, பழம்புண்ணும் திறந்து, வலியழிக்கும் ஸ்கேவி நோய் வரும் என்பதை அக்காலத்தார் தெளிவாக அறியார். அமுன்சனின் தோழர் பனிக்காலம் முழுவதும் கடல்நாயிறைச்சியை மிகுதியாக வேகவிடாது உண்டமையால், அறிந்தோ அறியாமலோ அச்சத்தினைப் பெற்றனர்.

அமுன்சன் அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் நான்கு தோழருடனும் 52 நாய்களுடனும் புறப்பட்டார். 82ஆம் பாகைக்கு அப்பால் ஒவ்வொரு பாகையிலும் ஒரு கிடங்கு வைத்துச் சென்றார். வழியில் ஆளுயரத்தில் 150 பனித்தூண்கள் எழுப்பி, அவை ஒவ்வொன்றிலும் அடுத்த தூணின் திசையும் தூரமும் எழுதிய தாளொன்றை வைத்தார். மலையேறியதும் 24 நாய்களைச் சுட்டுக் கொன்று, எஞ்சிய நாய்களும் மனிதரும் உண்டனர். இஃது இடையில் நேர்ந்த இடுக்கணால் செய்ததன்று. எந்த நாளில் எத்தனை நாய்கள் வண்டியிழுப்பன, எத்தனை உணவாவன என்பது புறப்படுமுன்னரே வகுத்த கணக்கு. கேட்போர் உள்ளம் கூசும். அமுன்சனின் தோழர்களும் மனம் நொந்தே அதனைச் செய்தனர். அவ்விடத்துக்குக் கசாப்புக்கடை எனப் பெயரிட்டனர். டிசம்பர் 14ஆம் நாள் அவர்கள் தென்முனையை அடைந்தனர். மீளும் வழியிற் கிடங்குகளில் உணவு மிஞ்சியிருந்தமையால் பெமிக்கன் பங்கினைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டினர். 1912 ஜனவரி 25ஆம் நாள், ஐவரும் பதினொரு நாய்களும் முகாம் திரும்பினர்.

ஸ்கொட்டின் திட்டம் வேறுவகையானது. நவம்பர் முதல் நாள் புறப்பட்ட அவருடன், பாரஞ் சுமந்து உதவும் குழுக்களும் சென்றன. அவை படிப்படியாகத் திருப்பி அனுப்பப்பட்டன. உணவு முழுவதும் நால்வர்க்கு ஒரு கிழமை என்னும் அளவில் மூட்டை கட்டப்பட்டிருந்தது. கூடாரம் நால்வர்க்குரியது, அடுப்பும் நால்வர்க்குரியது. 1912 ஜனவரி 3ஆம் நாள், இறுதிக் குழுவைத் திருப்பி அனுப்புந் தறுவாயில், முனைக்குச் செல்வோர் நால்வரல்லர் ஐவர் என ஸ்கொட் முடிவு செய்தார். வில்சன், ஓட்ஸ், எட்கர் எவன்ஸ் ஆகியோருடன் பவேர்ஸும் சேர்ந்தார். ஐவர்க்குச் சமைக்க நாளொன்றுக்கு அரைமணி நேரம் மிகையாயிற்று. மிகையான நேரத்துக்கு மிகையான மண்ணெண்ணெயும் வேண்டுமன்றோ? திரும்பிய மூவரும் ஒவ்வொரு கிடங்கிலும் நால்வர் மூட்டையை அவிழ்த்து முக்காற் பங்கினை அளந்தெடுக்க வேண்டியவராயினர். அம்மூவரின் தலைவர் லெப்டினன்ற் எவன்ஸ் ஸ்கேவியால் வீழ்ந்தபோது, ரொம் கிறீன் என்பவர் மூன்று விசுக்கோத்தும் இரண்டு சொக்கிலேற்றுத் துண்டும் மாத்திரமே கையிற் கொண்டு, 35 மைல் தனியே நடந்து உதவி கொணர்ந்தார்.

ஜனவரி 17ஆம் நாள் முனையை அடைந்த ஐவரும் அங்கே நோர்வேயர் தமக்கு முன் வந்து சென்ற அடையாளங்களைக் கண்டனர். மீண்டபோது பெப்ரவரி 17ஆம் நாள் பியட்மோர் பனியாற்றின் அடியில் எட்கர் எவன்ஸ் இறந்தார். எஞ்சிய நால்வர் பனித்தட்டில் இறங்கிக் கிடங்கு கிடங்காக வடக்கே வந்தனர். மார்ச் தொடக்கத்தில் அவர்கள் அடைந்த கிடங்கில் உணவு இருந்தது. மண்ணெண்ணெய்த் தகரங்களிற் பாதிக்குறைவு. எடுத்தவர் எவருமில்லை. தகரங்களின் வாயிலிருந்த தோல்வளையங்கள் குளிரிலும் வெயிலிலும் சுருங்கி, எண்ணெய் ஆவியாய்க் கசிந்து போயிற்று. எண்ணெய் குறையின் சூடான உணவு குறையும். பனியை உருக்கிப் பெறும் நீரும் குறையும். உணவு மூட்டை நிறைந்திருந்தும் உண்ணும் பயன் குறைந்தது. உணவைக் கணக்கிட்டோர் எரிபொருளும் உணவே என்பதைப் போதிய அளவு கணக்கிலெடுக்கவில்லை எனலாம்.

அந்நாட்களில் ஒருதொன் கிடங்கிலே செறி கறாட்டும் நாயோட்டியான டிமித்திரியும் காத்திருந்தனர். மார்ச் தொடக்கத்தில் மிகையுணவுடன் வந்தவர்கள் 10ஆம் நாள் வரை அங்கே தங்கினர். ஸ்கொட் அப்பொழுது ஏறத்தாழ 60 கடல் மைல் தெற்கே இருந்தார். மேலே சென்று தேடலாகாதா எனின், அக்கிடங்கில் நாய்களுக்கு உணவு வைக்கப்படவில்லை. நாய்களைக் கொன்றாலன்றித் தெற்கே சென்று மீள வழியில்லை, வானிலையும் இடந்தரவில்லை, கட்டளையும் தெளிவாக இல்லை. அவர்கள் திரும்பினர். இளைஞரான செறி கறாட் தம் வாழ்நாள் முழுவதும் அந்த நாட்களை எண்ணி வருந்தினார். 1922இல் வெளிவந்த அவருடைய நூல் அவ்வருத்தத்தின் விளைவுகளுள் ஒன்று. அவர்மேற் குற்றஞ் சாட்டுவோர் உளர். நாயுணவு வைக்கப்படாத கிடங்குக்கு நாய்களுடன் அனுப்பப்பட்டவரைக் குறை கூறுதல் நீதியன்று.

தம்மால் ஏனையோர் தாமதிப்பதைப் பொறாத ஓட்ஸ், மார்ச் 16 அல்லது 17ஆம் நாள் கூடாரத்தை விட்டுப் புயலுள் நடந்து மறைந்தார். ஸ்கொட், வில்சன், பவேர்ஸ் மூவரும் இறுதியாகக் கூடாரமடித்த இடம் ஒருதொன் கிடங்குக்கு 11 கடல் மைல் தெற்கே. அவர்களிடம் இரண்டு நாள் உணவும் ஒரு நாள் எண்ணெயும் இருந்தன. பனிப்புயல் வழிவிடவில்லை. மார்ச் 29ஆம் நாளோடு ஸ்கொட்டின் நாட்குறிப்பு நின்றது. நவம்பர் 12ஆம் நாள் தேடிவந்தோர் கூடாரத்தையும் உடல்களையும் கண்டனர். வண்டியிலே 35 இறாத்தல் பாறைத் துண்டுகளும் இருந்தன. இந்திய நாட்டுப் பாறைகளிலும் காணப்படும் தொல்பழங்காலச் செடியொன்றின் சுவடு அவற்றிற் பதிந்திருந்தது.

இப்பொழுது அந்த 31 கடல் மைலைக் கணக்கிடலாம். கிடங்கு 80ஆம் பாகையில் இருந்திருந்தால், இறுதிக் கூடாரம் அடித்த இடத்துக்கு ஏறத்தாழ 20 கடல் மைல் முன்னதாகவே அவர்கள் அதனை எய்தியிருப்பர். அதனால் உயிர் தப்பியிருப்பர் என உறுதி கூற எவராலும் இயலாது. ஓட்ஸின் பாதங்கள் முன்னரே கருகிவிட்டன. முகாம் இன்னும் தொலைவிலிருந்தது. எனினும் புயலினுள் மூவரும் உணவும் எண்ணெயும் பெற்றுக் காத்திருந்திருக்கலாம். ஸ்கொட்டின் தோல்விக்கு வானிலை, குதிரைகள், ஐந்தாம் ஆள், ஊழ் எனப் பல காரணங் கூறுவர். அவருடைய கணக்குப் பெரும்பாலும் பிழையற்றது என்பதே உண்மை. ஆயின் அதில் மிச்சமென ஒன்று இல்லை. எல்லாம் நினைத்தவாறு நடப்பின் போதுமான அளவே அவர் வைத்தார். அமுன்சனோ, ஒரு கிடங்கைத் தவறவிட்டாலும் அடுத்ததை அடையுமளவு வைத்தார்.

இவ்வரலாற்றுக்கு ஒரு பின்னுரையும் உண்டு. 1914இல் சாக்கிள்டன் தென்கண்டத்தை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை கடக்கத் திட்டமிட்டார். மறுகரையிலிருந்து அவருக்கென உணவு வைக்க, மக்கின்ரொஷ் என்பவரின் தலைமையில் ஒரு குழு றொஸ் கடலுக்குச் சென்றது. 1915 மே மாதத்தில் அவர்களின் கப்பலான அறோறா புயலால் நங்கூரம் அறுந்து கடலிற் கொண்டு செல்லப்பட்டது. பத்துப் பேர் கரையில் விடப்பட்டனர். உடையும் உணவும் பெரும்பாலும் கப்பலோடு போயின. ஸ்கொட்டின் பழைய குடிசையில் எஞ்சியிருந்தவற்றைப் பொறுக்கியும், கூடாரத் துணியிற் காற்சட்டை தைத்தும் அவர்கள் வேலையைத் தொடங்கினர். தாம் உணவு வையாவிடின் சாக்கிள்டனும் தோழரும் பட்டினியால் மடிவர் என்பது ஒன்றே அவர்கள் அறிந்தது. 1916 ஜனவரி மாத இறுதியில், பியட்மோர் பனியாற்றின் அடியிலுள்ள ஹோப் மலையருகே இறுதிக் கிடங்கினையும் வைத்து முடித்தனர்.

மீளும் வழியில், பெப்ரவரியிலே, அடுத்த கிடங்குக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் தொலைவில் பனிப்புயல் அவர்களைச் சிறைப்படுத்தியது. உணவு தீர்ந்தது. நான்காண்டுகளுக்கு முன் ஸ்கொட் அதே பனித்தட்டில் அவ்வாறே கூடாரத்துட் காத்திருந்து இறந்ததை அவர்கள் நினைத்தனர். காத்திராமல், ஜோய்ஸ், றிச்சாட்ஸ், ஹேவாட் மூவரும் மெலிந்த நான்கு நாய்களுடன் புயலினூடே சென்று, கிடங்கினைக் கண்டு, உணவெடுத்து வந்து ஏனைய மூவரையும் மீட்டனர். எனினும் ஸ்பென்சர் ஸ்மித் என்னும் பாதிரியார் மார்ச் 9ஆம் நாள் வழியிலேயே ஸ்கேவியால் இறந்தார். மக்கின்ரொஷும் ஹேவாட்டும் மே மாதத்தில் மெல்லிய கடற்பனியைக் கடக்க முயன்று காணாமற் போயினர்.

சாக்கிள்டன் அவ்வழியே வரவில்லை. அவருடைய கப்பலான என்டியூரன்ஸ், கண்டத்தின் மறுபுறத்தில் கரையை அடையுமுன்னரே பனியில் நசுங்கி, 1915 நவம்பரில் மூழ்கிவிட்டது. 1917 ஜனவரி 10ஆம் நாள் அறோறா கப்பலில் அவர் வந்து எஞ்சிய எழுவரை மீட்டபோதுதான், தாம் உணவு வைத்த வழியில் எவரும் புறப்படவேயில்லை என்பதை அவர்கள் அறிந்தனர். 80ஆம் பாகையிலிருந்து ஹோப் மலை வரை, அவர் பெயரால் வைக்கப்பட்ட விசுக்கோத்தும் பெமிக்கனும் எண்ணெயும், எடுப்பாரின்றிப் பனியின் கீழ்ப் புதைந்தன.